எட்டாம் வகுப்பு ஏசலும் என் எதிர்ப்பாட்டும்

ஒரு ரைஸ் மில். நெல் காய வைக்க இரண்டு களம். மாடி எடுத்த வீடு. பஸ் நிற்கிற இடத்தில் நிழற்குடை. அரசுப் பள்ளிக்கு மதில் சுவர், அதே பள்ளிக்கு ஒரு சிமெண்ட் மேடை. இத்தனையும் நான் கட்டியவை. பேங்க்காரர் கையை விரித்தார். பங்காளிகள் சிரித்தார்கள். மில்லுக்குக் கடைக்கால் தோண்டிய வாரமே மழை கொட்டி, குழியெல்லாம் குளமாகி, அதில் எருமை இறங்கிக் குளித்தது. எருமையை ஓட்டிவிட்டுக் கட்டினேன். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே. மடுகரையில் அரிசி வாங்கி, சைக்கிளில் மூட்டை வைத்து, திருக்கனூர் சந்தை வரைக்கும் மிதித்தவன் நான்.

இந்த வரிசையில் சேர வேண்டியது இன்னொன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு சங்கீதப் பாடத்தில் ஹிப்-ஹாப். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் தலைவர். மதில் சுவர் கட்டிய அன்று உட்கார்ந்த நாற்காலி, இன்னும் யாரும் எழுப்பவில்லை. பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர் வந்திருந்தார். வில்லியனூர்ப் பெண், சின்ன வயது, முறையாகச் சங்கீதம் படித்தவர், ஒப்பந்த வேலை. எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பாட்டுப் பீரியடு, வெள்ளிக்கிழமை கடைசி. அவர் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தால் முன் பெஞ்சு பாடும், நடு பெஞ்சு வாயை மட்டும் அசைக்கும், பின் பெஞ்சு புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்காகக் காத்திருக்கும்.

அதே பின் பெஞ்சு சாப்பாட்டு நேரத்தில் வேறு மாதிரி இருந்தது. பெஞ்சில் தட்டி, டிபன் பாக்ஸில் தட்டி, வரிக்கு வரி இட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அதை ஜன்னல் ஓரம் நின்று கேட்டிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை, "மத்தியானம் பாடுனதை இப்ப பாடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் ஹிப்-ஹாப் வகுப்புக்குள் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே தாளம் ஓடும். மேலே ஆள் பாட மாட்டான், பேசுவான். ஆனால் அந்தப் பேச்சு தாளத்தில் உட்கார வேண்டும், வரியின் கடைசி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், மூச்சு நடுவில் விட்டுப்போகக் கூடாது. வார்த்தை சொந்தமாக இருக்க வேண்டும், அடுத்தவன் எழுதியதை வாங்கிப் பாடினால் மதிப்பில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெட்மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிற மனிதர், நல்லவர், எதற்கெடுத்தாலும் பயம். "பாட்டுப் பீரியட்ல கத்திக்கிட்டு இருக்காங்க. அதைக் கணக்குக்குக் குடுத்தா நாலு பிள்ளைங்க பாஸ் ஆகும்" என்று மேலே சொல்லியிருந்தார். ஆண்டு விழாவுக்குக் கல்வித்துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா வருவதாக இருந்தது. எட்டாம் வகுப்பு மேடையில் செய்வதை அவர் பார்ப்பார். இது சங்கீதம்தான் என்று அவருக்குப் பட்டால் பீரியடு இருக்கும், டீச்சரும் இருப்பார். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு கணக்கு, டீச்சருக்கு அடுத்த வருஷம் வேலை கிடையாது.

ஒரு நாள் காலையில் ஹெட்மாஸ்டர் எனக்கு போன் செய்தார். குரலே சரியில்லை.

"தலைவரே, கொஞ்சம் ஸ்கூலுக்கு வர முடியுங்களா. கோபப்படக் கூடாது."

கோபப்படக் கூடாது என்று சொன்னால் எனக்கு வண்டி வேகமாகப் போகும். போனேன். அறையில் ஹெட்மாஸ்டர், பாட்டு டீச்சர், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவளுடைய அம்மா. அந்த அம்மா என் களத்தில் நெல் கிளறுகிறவர். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஆண்டு விழாவுக்கு இந்தப் பொண்ணு ஒரு பாட்டு எழுதியிருக்கா" என்றார் ஹெட்மாஸ்டர். "உங்களைப் பத்தி."

"என்னைப் பத்தியா? நல்லது தானே, சார்."

"நல்லது இல்லைங்க."

"பாடச் சொல்லுங்க" என்றேன்.

"வேணாங்க தலைவரே, நான் படிச்சிக் காட்டறேன்."

"பாட்டைப் படிக்கிறதா? பாடு பாப்பா."

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மேஜையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் விட்டாள்.

"ஆகஸ்ட்டு வந்தா கதை, ஜனவரி வந்தா கதை,
அதே சைக்கிளு, ரெண்டு மூட்டை, அதே பஞ்சரு கதை.
மிட்டாய் கையில உருகுது, மில்லுக்காரர் முடிக்கலை,
மயங்கி வுழுந்தான் ஒருத்தன், மைக்கு கீழ எறங்கலை.
மில்லு வச்சேன் மில்லு வச்சேன்னு மேடை மேல சொல்றாரு,
மில்லு தூசு எங்க வூட்டு சோத்துல வந்து நிக்குது பாரு."

கொடியேற்ற நாளில் நான் பேசுவதுதான் விஷயம். வருஷத்துக்கு இரண்டு தடவை என் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்வேன். சொல்ல வேண்டிய வாழ்க்கை அது.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். "அண்ணே, அறியாத புள்ளை. பாட்டைக் கிழிச்சிப் போட்டுடறேன். களத்து வேலையை மட்டும் நிறுத்திடாதண்ணே."

"யம்மா, நீ சும்மா இரு" என்றேன். அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "ஒரு தப்பு இருக்குது."

அவள் பயப்படவில்லை. "எந்த வரி?"

"ரெண்டாவது வரி. ரெண்டு மூட்டை இல்லை, மூணு. கேரியர்ல ரெண்டு, பார்ல ஒண்ணு."

"மூணு மூட்டைன்னு வச்சாலும் தாளம் சரியா வரும்" என்றாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஹெட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஊர்ப் பெரியவரை மேடையில் அவமானப்படுத்த விட முடியாது, அதிகாரி முன்னால் நடந்தால் அவர் தலை உருளும் என்றார். "இதை எடுத்துடுவோம். வேற பாட்டு பாடட்டும். இல்லேன்னா எட்டாம் வகுப்பு நிகழ்ச்சியே வேணாம்." நிகழ்ச்சி இல்லையென்றால் கணக்குதான். டீச்சர் முகம் வாடிவிட்டது. ஆண்டு விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேறு பாட்டு எழுதி, பழகி, மேடையேற முடியாது.

சங்கத்தைக் கூட்டுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியிலேயே கூடினோம். ஹெட்மாஸ்டர் எழுந்து ஹிப்-ஹாப் சங்கீதமா, இல்லையா என்று தொடங்கினார். டீச்சர் எழுந்து, சரளி வரிசையில் பிள்ளைகளுக்கு வராத தாளம் இதில் வந்திருக்கிறது, வாய் திறக்காதவர்கள் திறந்திருக்கிறார்கள், அங்கிருந்து சரளிக்கும் கூட்டிப் போவேன் என்று நன்றாகவே பேசினார். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கேள்வியே இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு.

"அந்தப் பொண்ணுக்கு இவரு இன்னா முறை?"

கேட்டது ஒரு பெரியம்மா. கேட்டவுடன் கூட்டம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது சம்பந்தி வீட்டாரைப் பாட்டிலேயே ஏசுவார்கள். மாப்பிள்ளையின் மூக்கிலிருந்து மாமியாரின் நடை வரைக்கும் எதையும் விட மாட்டார்கள். யாருக்கும் கோபம் வராது, ஏனென்றால் அவர்களுக்கு முறை இருக்கிறது. மாமன் முறை, அத்தை முறை, மச்சான் முறை என்றால் ஏசலாம். அப்பா முறை, பெரியப்பா முறை என்றால் ஒரு வார்த்தை கூடாது. எனவே பாட்டு நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது. நான் அவளுக்கு மாமனா, பெரியப்பாவா என்பதுதான் முதல்.

"அவ அப்பன் இவரை அண்ணேன்னு தான் கூப்புடுறான்" என்றார் டீக்கடைக்காரர். "அப்ப பெரியப்பா. ஏசக் கூடாது."

"அவ அம்மாவும் தான் அண்ணேன்னு கூப்புடுது" என்றார் பெரியம்மா. "அப்ப மாமன். தாராளமா ஏசலாம்."

"ரெண்டு பேரும் அண்ணேன்னா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?"

"ஒன் வூட்டுல மட்டும் இன்னா வாழுது. ஒன் பொண்டாட்டி ஒன்னையே அண்ணேன்னு தானே ஊருக்கு முன்னாடி கூப்புட்டுச்சி கல்யாணத்தன்னிக்கு."

"அது பயத்துல வந்துச்சிபா."

சிரித்துச் சிரித்து ஒருவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. ஹெட்மாஸ்டர் டீச்சரிடம் குனிந்து, "மியூசிக் பீரியடைப் பத்தித்தானே கூட்டினோம்?" என்று கேட்டார். டீச்சர், "அதைத்தான் சார் பேசறாங்க" என்றார். டீச்சருக்கு எங்கள் ஊர் புரிந்துவிட்டது என்று அப்போதே நினைத்தேன்.

கடைசியில் நான் எழுந்தேன். நான் எழுந்தால் கூட்டம் அடங்கும். "இந்தப் பொண்ணோட அக்காவுக்கு மஞ்சள் தண்ணி ஊத்தினப்போ தாய்மாமன் தட்டு யாரு எடுத்தது?"

அந்த அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. தட்டு எடுத்தது நான்தான். மேளத்தோடு எடுத்தேன். பழம், பட்டு, வெள்ளிக் கொலுசு, தெருவே நின்று பார்த்தது. அதை நான் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தபோது, பெரியம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"போதும். மாமன் தான். பாட்டு நடக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ஏசுனா பதில் குடுக்கணும். சும்மா நின்னா மனசு நொந்துட்டாருன்னு அர்த்தம். மேடையிலயே பதில் பாடு."

அதுவும் எங்கள் வழக்கம்தான். ஏசலை வாங்கிக்கொண்டு பேசாமல் போனால் உறவு கசந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, பீரியடு நிலைக்க வேண்டும் என்றால் அதிகாரி முன்னால், தாளத்தோடு, நான் ஹிப்-ஹாப் பாட வேண்டும். அறுபதைத் தாண்டியவன். ஒத்துக்கொண்டேன். நான் ஒத்துக்கொள்ளாத வேலை எது?

அடுத்த வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. பிள்ளைகளுக்கு வாய் காது வரைக்கும் போனது. டீச்சர், "முதல்ல நாலு எண்ணிட்டு ஆரம்பிங்க ஐயா" என்றார்.

எண்ணினேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு."

வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. நெல் அளக்கிறவன் வாயில் ஒன்று என்ற எண் வராது. முதல் மரக்கால் லாபம், அதற்கப்புறம்தான் ரெண்டு. இப்போது எடை மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் மூட்டை எண்ணும்போது அதே பழக்கம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் எந்தப் பாட்டும் ஒன்றில் தொடங்குவதில்லை. சரளி வரிசை கூட லாபத்தில்தான் தொடங்குகிறது.

எண்ணுவது சுலபம். பாடுவதுதான் பிரச்சினை. வார்த்தை எனக்கு மழை மாதிரி வரும். அதுதான் தொந்தரவு.

"ஐயா, நீங்க பேசறீங்க" என்றார் டீச்சர். "தாளம் ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க."

"தாளத்தை என் பின்னாடி வரச் சொல்லும்மா."

"அது வராதுங்க. நாலாவது தட்டுல மட்டும் சும்மா இருங்க."

"சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை."

என்னை ஏசிய பெண்தான் முன் பெஞ்சிலிருந்து திரும்பிச் சொன்னாள். "அந்த சும்மால தான் மாமா ஜனங்க சிரிப்பாங்க. நீயே பேசிக்கினு இருந்தா அவங்க எப்ப சிரிக்கிறது?"

மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னது சரிதான். முயன்று பார்த்தேன். மூன்று தட்டுக்குப் பேச்சு, நாலாவதுக்கு வாயை மூடல். மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பழகினேன், குளிக்கும்போது பழகினேன், சாப்பிடும்போது இலையில் தட்டிப் பழகினேன். வீட்டுக்காரி சாம்பாரை எடுத்துத் தள்ளி வைத்தாள். "இத்தினி வருஷம் கழிச்சி நடுவுல வாயை மூட ஒரு பாட்டு வந்துதே, அந்த டீச்சரம்மா நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஆண்டு விழா அன்று ஊர் முழுக்கப் பள்ளி மைதானத்தில். ஆய்வாளர் அம்மா முன் வரிசையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டாம் வகுப்பு ஏறியது. "லாபம்" என்று தொடங்கினார்கள். அந்தப் பெண் மூன்று மூட்டையோடு பாடினாள், ஒரு வரி விடவில்லை. பாட்டில் வருகிற, கொடியேற்றத்தன்று மயங்கி விழுந்த பையன் கீழேயிருந்து கையைத் தூக்கிக் காட்டினான். மைதானமே சிரித்தது. சிரித்துவிட்டு என்னைப் பார்த்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினேன். மைக்கை வாங்கினேன். தாளம் ஓடிக்கொண்டிருந்தது. விட்டேன்.

"தூசு வருது தூசு வருதுன்னு தூத்திக்கினு வந்தியே,
தூசு வுட்ட மில்லு அரிசில நேத்து இட்லி தின்னியே.
மேடை மேல ஏறி நின்னு மாமனை நீ ஏசறியே,
மேடை கட்டுனது யாரு, தெரியாம பேசறியே."

நாலாவது தட்டில் வாயை மூடினேன். அந்த இடத்தில் வந்தது பாருங்கள் ஒரு சத்தம், மில் திறந்த அன்று கூட எனக்கு அப்படிக் கைதட்டல் கிடைக்கவில்லை. விசில் பறந்தது. பெரியம்மா எழுந்து நின்று கையை ஆட்டினார். சரி, முடிந்தது என்று மைக்கைக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் தாளத்தை நிறுத்த விடவில்லை. ஒத்திகையில் இல்லாததை அங்கேயே கட்டிவிட்டாள்.

"மேடை கட்டுனது மாமா தான், நான் இல்லைன்னு சொல்லலை,
மேல ஒரு கூரை போட மாமாவுக்குத் தோணலை."

அண்ணாந்து பார்த்தேன், மேலே வெறும் வானம். மாலை வெயில் நேராக ஆய்வாளர் அம்மாவின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, அந்தப் பதில் முன்னாலேயே எழுதியதா என்று கேட்டார். இல்லை, கேட்டுவிட்டு அங்கேயே கட்டினாள் என்றார் டீச்சர். "கேட்டுட்டுத் தாளத்துக்குள்ள பதில் சொல்ற பிள்ளைக்குப் பாட்டு வராதுன்னு யார் சொன்னது?" என்று ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் நான் சொல்லவில்லை என்கிற மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பீரியடு நிலைத்தது. டீச்சருக்கு வேலை நீட்டித்தார்கள். மேடைக்கு ஷீட் கூரை போட்டுவிட்டேன், நல்ல கனமான ஷீட். மில்லு தூசு வெளியே போகாமல் மறைப்பு போட ஆள் வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அவன் இன்னும் திரும்பி வரவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் எழுதவே மாட்டேன். போன மாதம் பாகூரில் பாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. சங்கீத வகுப்பில் ஹிப்-ஹாப் என்று எங்கள் டீச்சர் பேசினார். என்னையும் அழைத்திருந்தார், வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் உட்கார்ந்தேன். திரையில் ஆண்டு விழா வீடியோ ஓடியது. அந்தப் பெண் பாடினாள். மில்லு தூசு வந்தது. மைதானம் சிரித்தது வந்தது. வீடியோ நின்றுவிட்டது. என் பாட்டு இல்லை. அவள் கடைசியாகக் கட்டிய பதிலும் இல்லை. வந்திருந்த ஆசிரியர்கள் எல்லாம் திரும்பி, பாவம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் திட்டு வாங்கிக்கொண்டு போன மில்லுக்காரர். கடைசியில் திரையில், ஊர்ப் பெரியவர்கள் ஒத்துழைத்தார்கள் என்று ஒரு வரி.

வெளியே வந்து கேட்டேன். "நேரம் பத்தலைங்க ஐயா. பசங்க பாட்டைக் காட்டினாப் போதும்னு சொன்னாங்க" என்றார் டீச்சர். நல்ல பெண், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து எத்தனை பேர் தங்கள் பள்ளிக்கு இதைக் கொண்டு போயிருப்பார்கள்? அங்கே பிள்ளைகள் ஒரு பெரியவரை ஏசுவார்கள். பெரியவர் முகம் சிவந்து எழுந்து போவார். அடுத்த வாரம் பீரியடு கணக்குக்குப் போகும். பிறகு ஹிப்-ஹாப் வகுப்புக்கு ஆகாது என்று எழுதி வைப்பார்கள். பாட்டை எழுதச் சொல்லிக் கொடுத்தால் போதாது, எதிரில் நிற்கிறவன் அதை வாங்கி, தாளம் தப்பாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்டு அந்தப் பெண் மறுபடி கட்ட வேண்டும். ஆய்வாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்தது அதற்குத்தான். அந்த நடு இடத்தில் நின்றவன் நான்.

ஒத்துழைத்தேனாம். நான் ஒத்துழைக்கவில்லை, பாடினேன். அதனால் கேட்கிறேன், இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த வீடியோவை முழுசாகப் போடுங்கள். அவள் பாடியது, நான் பாடியது, அவள் மறுபடி பாடியது, மூன்றும். கீழே எழுத்து ஓடுகிற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரை முதலில் போடுங்கள், அது அவள் பாட்டு. அதற்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், எதிர்ப்பாட்டு என்று போட்டு என் பெயரைப் போடுங்கள்.